சர்வதேச இலக்கிய விழாவுக்குப் போகும் தமிழ் எழுத்தாளருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தமிழில் மட்டுமே எழுதுகிறேன். கதைகளும் நாவல்களும் மொழிபெயர்ப்பில் வந்த பிறகு வெளிநாட்டு இலக்கிய விழாக்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கியது. போய்வந்ததிலிருந்து சக எழுத்தாளர்களும், முதல் அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் இளைஞர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் என் வற்புறுத்தல் ஒன்றுதான்: அந்த மேடையில் தமிழில் வாசியுங்கள்.

இலக்கிய விழாவும் புத்தகக் கண்காட்சியும் ஒன்றுதானே?

இல்லை. அக்டோபரில் நடக்கும் ஃபிராங்க்ஃபர்ட் போன்ற சர்வதேசக் கண்காட்சிகள் முதலில் பதிப்பாளர்களுக்கும் முகவர்களுக்கும் உரியவை. மொழிபெயர்ப்பு உரிமை கைமாறும் சந்தை அது. சென்னையில் 2023 ஜனவரியில் தொடங்கிய பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியும் அந்த வகைதான். விழா வாசகர்களுக்கானது. அங்கே எழுத்தாளர் பேசுவார், வாசிப்பார், கேள்விக்குப் பதில் சொல்வார்.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் விழா 1949இல் தொடங்கியது. எடின்பரோ 1983, வேல்ஸ் எல்லையோர ஊரான ஹே 1988, ஜெய்ப்பூர் 2006. பிரிட்டனில் பெரும்பாலும் ஒவ்வோர் அமர்வுக்கும் தனியாக டிக்கெட் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1960 முதல் நடந்துவரும் எழுத்தாளர் வாரத்தில் பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து காசில்லாமல் கேட்கலாம். டிக்கெட் வாங்கி வரும் கூட்டத்துக்கும் வழியில் போகிறவர்கள் உட்கார்ந்து கேட்கும் கூட்டத்துக்கும் பேசும் விதம் வேறு. எந்த மாதிரி விழா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அழைப்பு எப்படி வருகிறது? நாமே எழுதிக் கேட்கலாமா?

ஒவ்வொரு விழாவுக்கும் நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் ஒருவர் இருப்பார். விழாவுக்குப் பல மாதங்கள் முன்பே அவர் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார். அவர் மேசைக்கு உங்கள் புத்தகம் மூன்று வழிகளில் போய்ச் சேரும். மொழிபெயர்ப்பை வெளியிட்ட பதிப்பகம் அனுப்பும்; ஏற்கெனவே அங்கே போய்வந்த எழுத்தாளர் சொல்வார்; அல்லது மொழிபெயர்ப்பாளர் சொல்வார். என் அனுபவத்தில் மூன்றாவது வழிதான் வலுவானது. மொழிபெயர்ப்பாளர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள், விழா இயக்குநர்கள் அவர்கள் சொல்லை நம்புகிறார்கள்.

நீங்களே எழுதிக் கேட்பதில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் முழு நாவலை அனுப்பாதீர்கள். மொழிபெயர்த்த பத்துப் பக்கம், உங்களைப் பற்றி ஒரு பத்தி, ஏன் இந்த விழாவுக்கு இந்தப் புத்தகம் என்று இரண்டு வரி, அவ்வளவு போதும். மொழிபெயர்ப்பே இன்னும் இல்லையென்றால் உறைவிட முகாம்களுக்கு விண்ணப்பிப்பதும் ஒரு வழி. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1967 முதல் பல நாட்டு எழுத்தாளர்களை வரவழைத்துத் தங்கவைக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் கிடைக்கும் நட்பு பிற்பாடு அழைப்பாக மாறும்.

தமிழுக்கென்றே இடம் வைத்திருக்கும் சர்வதேச விழா ஒன்று உண்டு: சிங்கப்பூர் எழுத்தாளர் விழா. 1986இல் தொடங்கி, 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று அந்நாட்டின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளிலும் அமர்வுகள் உண்டு. முதல் மேடைக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் சொல்ல மாட்டேன்.

பங்கேற்புக் கட்டணம் கட்டச் சொல்லி ஒரு அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா?

வேண்டாம். எழுத்தாளரை உண்மையாகவே அழைக்கும் விழா அவரிடம் பணம் கேட்காது. விருது, சான்றிதழ், 'உலகக் கவிஞர்' பட்டம் என்று எதைச் சேர்த்துக் கொடுத்தாலும் பதில் இதுதான்.

சன்மானம் உண்டா? கேட்டால் தவறாக நினைப்பார்களா?

கேட்க வேண்டும். 2016 ஜனவரியில் பிரிட்டிஷ் நாவலாசிரியர் பிலிப் புல்மன் ஆக்ஸ்ஃபோர்டு இலக்கிய விழாவின் புரவலர் பொறுப்பிலிருந்து விலகினார். பேச வரும் எழுத்தாளர்களுக்கு அந்த விழா பணம் தருவதில்லை என்பதுதான் காரணம். மேடை போடுகிறவருக்கும் ஒலிபெருக்கி வைப்பவருக்கும் கூலி உண்டு, எழுத்தாளருக்கு மட்டும் ஏன் இல்லை என்ற விவாதம் அப்போது பிரிட்டன் முழுக்க நடந்தது. எடின்பரோவில் நெடுங்காலமாக வேறொரு வழக்கம்: புகழ்பெற்றவரோ முதல் புத்தகக்காரரோ, எல்லோருக்கும் ஒரே தொகை. எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

சம்மதம் சொல்லும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்: விமானக் கட்டணம் யாருடையது, எத்தனை இரவுகள் தங்கலாம், சன்மானம் எவ்வளவு, விசாச் செலவைத் தருவார்களா, மொழிபெயர்ப்பாளருக்கு என்ன ஏற்பாடு. பயணச்சீட்டை நீங்களே வாங்கினால் பிறகு தருகிறோம் என்பார்கள். பணம் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். கையில் அவ்வளவு இல்லையென்றால், 'நீங்களே வாங்கி அனுப்புங்கள்' என்று தயங்காமல் சொல்லுங்கள். அதற்கு மறுப்புச் சொன்ன விழாவை நான் பார்த்ததில்லை.

விசாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் போக விசா தேவை. பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னால் விண்ணப்பித்திருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பிரிட்டனுக்கு ஷெங்கன் விசா செல்லாது, தனியாக எடுக்க வேண்டும். சன்மானம் வாங்கும் நிகழ்ச்சி என்றால் அழைப்பு முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும், அங்கே இறங்கிய 30 நாளுக்குள் நிகழ்ச்சி முடிந்திருக்க வேண்டும், விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கவும் வேண்டும். அழைப்புக் கடிதத்தில் நிகழ்ச்சித் தேதி, தங்குமிடம், யார் செலவு என்ற மூன்றும் தெளிவாக இல்லாவிட்டால் திருத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அழைப்பை ஏற்கலாமா?

கட்டாயம் ஏற்க வேண்டும். மேடையில் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பேசுவதைவிடத் தமிழில் நிறைவாகப் பேசுவது எவ்வளவோ மேல். யோசிக்கும் மொழியில் பேசும்போதுதான் நீங்கள் எழுத்தாளராக இருப்பீர்கள். ஜப்பானியரும் அரபு எழுத்தாளர்களும் லத்தீன் அமெரிக்கர்களும் உரைபெயர்ப்பாளரோடு வந்து உட்கார்ந்து, துளியும் கூச்சமில்லாமல் தங்கள் மொழியில் பேசுகிறார்கள். நமக்கு மட்டும் என்ன கூச்சம்?

உரைபெயர்ப்பு இரண்டு வகை. நீங்கள் பேசப் பேச, கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒருவர் மொழிமாற்றுவார், கூட்டம் காதுக்கருவியில் கேட்கும். அல்லது நீங்கள் கொஞ்சம் பேசி நிறுத்தியதும் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். சிறிய விழாக்களில் இரண்டாவதுதான் நடக்கும். ஒரு மணி நேர அமர்வில் உங்கள் பங்கு பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் சொல்ல நினைப்பதை முன்கூட்டியே வடிகட்டிக்கொள்ளுங்கள்.

உரைபெயர்ப்பவரை அமர்வுக்கு முன் ஒரு மணி நேரமாவது தனியாகச் சந்தியுங்கள். இது நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை. தமிழ் அறிந்தவர் என்றாலே எல்லா வட்டார வழக்கும் தெரிந்தவர் என்று பொருளில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவருக்குக் கொங்குப் பேச்சு உடனே பிடிபடாது. கதைமாந்தர் பெயர், ஊர்ப்பெயர், உறவுமுறை, அடிக்கடி நீங்கள் சொல்லும் சொலவடை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எத்தனை வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துவது என்று இருவரும் பேசிப் பார்த்துக்கொள்ளுங்கள். மேடையில் அவர் திணறினால் அவரைத் திருத்தாதீர்கள், அதையே வேறு விதமாகச் சொல்லுங்கள்.

தமிழில் வாசித்தால் அங்கே யாருக்குப் புரியும்?

புரியாது. ஆனால் கேட்பார்கள். மற்றவர்களின் மேடையைக் கேட்டு நான் கற்றுக்கொண்டதும் இதைத்தான்.

ரோட்டர்டாமில் 1970இல் தொடங்கிய சர்வதேசக் கவிதை விழாவில் கவிஞர்கள் தத்தம் மொழியிலேயே வாசிக்கிறார்கள், மொழிபெயர்ப்பு திரையில் ஓடுகிறது. வட மாசிடோனியாவின் ஸ்ட்ரூகாவில் 1962 முதல் கவிதை மாலைகள் நடக்கின்றன. ட்ரிம் ஆற்றுப் பாலத்தில் நின்று கவிஞர்கள் வாசிக்க, மக்கள் கரையில் கூடிக் கேட்கிறார்கள். இந்திக் கவிஞர் அக்ஞேயாவுக்கு 1983இல் 'தங்க மாலை' விருதை அளித்த விழா அது. கொலம்பியாவின் மெடெயின் நகரில் போதைப்பொருள் கும்பல்களின் கொலைகள் உச்சத்தில் இருந்த 1991இல் ஒரு கவிதை விழாவைத் தொடங்கினார்கள். வெளியே வரவே பயந்திருந்த மக்கள் திறந்தவெளி அரங்கில் ஆயிரக்கணக்கில் கூடி, தாங்கள் அறியாத மொழிகளில் கவிதை கேட்டார்கள். 2006இல் 'மாற்று நோபல்' எனப்படும் விருது அந்த விழாவுக்குக் கிடைத்தது. மொழி தெரியாத சபையும் கேட்கும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கவிதைக்குச் சரி, உரைநடைக்கு? ஜெர்மனியில் அதற்கும் நல்ல மரபு இருக்கிறது. 2001இல் தொடங்கிய பெர்லின் சர்வதேச இலக்கிய விழாவிலும் அங்கே பிற மேடைகளிலும் எழுத்தாளர் தன் மொழியில் ஒரு பகுதியை வாசிப்பார். அடுத்து ஒரு நடிகர் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வாசிப்பார்.

ஒரு ஜெர்மன் மேடையில் எனக்குத் துணையாக வாசித்த நடிகை முந்தைய நாள் மாலையே பென்சிலும் தாளுமாக வந்துவிட்டார். கதைமாந்தர் பெயர்களை ஒவ்வொன்றாக என்னைச் சொல்லச் சொல்லி, நெடில் வரும் இடத்தில் எழுத்தின் தலையில் கோடு போட்டுக்கொண்டார். பிறகு நான் வாசிக்கப்போகும் பகுதியைத் தமிழில் முழுக்கக் கேட்டார். முடித்ததும் தாளில் ஓர் இடத்தைப் பென்சிலால் தொட்டு, "இங்கே உங்கள் குரல் தாழ்ந்தது. அவள் பொய் சொல்கிறாளா?" என்றார். ஆமாம், அந்த இடத்தில் அவள் கணவனிடம் பொய்தான் சொல்கிறாள். கதையில் அது வெளிப்படையாக எழுதப்படவில்லை, மொழிபெயர்ப்பிலும் இல்லை. ஒரு சொல்கூடத் தமிழ் தெரியாதவர் அதை என் குரலிலிருந்து எடுத்துவிட்டார். மறுநாள் மேடையில் அந்த வரிக்கு வந்ததும் அவர் குரலும் தாழ்ந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து, 'நேரம் போதாது, ஆங்கிலத்தில் மட்டும் வாசித்துவிடலாமா' என்று எந்த ஏற்பாட்டாளர் கேட்டாலும் நான் சம்மதிப்பதில்லை. நேரம் குறைவென்றால் உரையாடலில் குறையுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பகுதியை, எவ்வளவு நேரம் வாசிப்பது?

தமிழில் மூன்று, நான்கு நிமிடம். அதற்கு மேல் போனால் கூட்டம் நெளியும். பேச்சு வரும் பகுதியாக, இரண்டு பேருக்கு மேல் இல்லாத காட்சியாக எடுங்கள். நாவலின் உச்சக்கட்டத்தைத் தொட வேண்டாம். அதைப் புத்தகத்தில் படிக்கட்டும். பெரிய எழுத்தில் அச்சடித்த தாளில் பார்த்து வாசியுங்கள். மேடை விளக்கு முகத்தில் அடிக்கும்போது புத்தகத்தின் சிறிய எழுத்து தெரியாது. மொழிபெயர்ப்பு முதலிலா, தமிழ் முதலிலா? தமிழ் முதலில் என்பேன். பொருள் தெரிந்துவிட்டால் காது சோம்பிவிடும்.

நெறியாளர் என் புத்தகத்தைப் படித்திருப்பாரா?

நல்லவர்கள் பக்கத்துக்குப் பக்கம் சீட்டு ஒட்டிக்கொண்டு வருவார்கள். சிலர் பின்னட்டையோடு நிறுத்திக்கொள்வார்கள். மைக் மாட்டுவதற்காக அரை மணி முன்னால் கூப்பிடுவார்கள் அல்லவா, அப்போது இரண்டு நிமிடம் பேசினாலே தெரிந்துவிடும். படிக்காதவர் என்றால் ஒவ்வொரு பதிலையும் நூலிலுள்ள ஒரு காட்சியில் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவர் அந்தக் காட்சியைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்பார், அமர்வு தப்பித்துவிடும்.

சாதி, மதம், அரசியல் பற்றித்தான் கேட்பார்கள் என்கிறார்களே?

கேட்பார்கள். அதில் பாதி உண்மையான அக்கறை. மீதி, நாளிதழில் படித்ததைச் சரிபார்த்துக்கொள்ளும் ஆசை. ஐரோப்பிய எழுத்தாளரிடம் வாக்கிய அமைப்பைப் பற்றிக் கேட்கும் அதே நெறியாளர் நம்மிடம் சமூக நிலவரத்தைக் கேட்கிறார். இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. நம் நாவலிலும் வாக்கியங்கள் இருக்கின்றன. கதை எந்த இடத்தில் தொடங்குகிறது, யார் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்றெல்லாம் நாமும் ராத்திரி பகலாக யோசித்துத்தான் எழுதுகிறோம். வடிவம் பற்றிய பேச்சை நீங்களே தொடங்குங்கள். தொடங்கினால் கூட்டம் ஆர்வமாக வரும்.

அதற்காகச் சமூகக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. வெளியார் முன்னால் நம் வீட்டு விஷயத்தைப் பேசலாமா என்ற தயக்கத்துக்கு எழுத்தாளரிடம் இடமில்லை. நூலில் எழுதியதை மேடையில் மறைப்பது நூலுக்கே துரோகம். சாதி என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு அதன் வரலாற்றை இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியாது. உங்கள் கதையில் ஒருவன் எந்தக் கிணற்றுப் பக்கம் போக முடியாது என்பதைச் சொல்ல முடியும். அதைச் சொல்லுங்கள். ஒட்டுமொத்தத் தமிழ்ச் சமூகத்தின் சார்பாகப் பேசச் சொன்னால் மட்டும், 'என் கதைமாந்தர் சார்பாகத்தான் பேச முடியும்' என்று பணிவாக மறுத்துவிடுங்கள்.

கூட்டமே வராவிட்டால்?

பெரிய விழாக்களில் ஒரே நேரத்தில் பல மேடை ஓடும். பக்கத்து அரங்கில் தொலைக்காட்சிப் பிரபலம் பேசினால் உங்கள் அரங்கில் நாற்காலி காலியாகத்தான் இருக்கும். வந்த இருபது பேர் உங்களுக்காகவே வந்தவர்கள். அவர்களை முன்னால் வந்து உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

கையெழுத்து வாங்க வருகிறவர்களோடு என்ன பேசுவது?

அமர்வு முடிந்ததும் புத்தகக்கடை மேசைக்கு அழைத்துப்போவார்கள். வாசகரின் பெயரை ஒட்டுச்சீட்டில் எழுதி உள்ளே ஒட்டிவைத்திருப்பார்கள், எழுத்துப் பிழை பயமில்லை. நான் அவர்கள் பெயரைத் தமிழில் எழுதி, கீழே தமிழில் கையெழுத்திடுவேன். தங்கள் பெயரைத் தமிழ் எழுத்தில் பார்க்கும்போது அவர்களுக்கு வரும் மகிழ்ச்சி பெரியது. ஒருமுறை ஒரு முதிய பெண்மணி, முதல் பக்கத்தில் வேண்டாம், நான் மேடையில் வாசித்த பக்கத்தில் கையெழுத்து வேண்டும் என்றார். பக்கத்தைத் தேடித் திறந்து கொடுத்தேன். வாசித்த பகுதி எந்த வரியில் தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டு, ஓரத்தில் தானே குறித்துக்கொண்டார். ஒருவருக்கு அரை நிமிடம்தான் கிடைக்கும். அவர்களைப் பேசவிட்டுக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளரையும் அழைக்கச் சொல்லலாமா?

சொல்லியே ஆக வேண்டும். அங்கே படிக்கப்படும் ஒவ்வொரு சொல்லும் அவர் எழுதியது. ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரப்படும் சர்வதேச புக்கர் பரிசின் 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. 2022இல் கீதாஞ்சலி ஸ்ரீயும் டெய்சி ராக்வெல்லும், 2025இல் பானு முஷ்தாக்கும் தீபா பஸ்தியும் சேர்ந்துதான் மேடையேறினார்கள். பெருமாள்முருகனின் நாவல் 2023இல் நெடும்பட்டியலில் வந்தபோது மொழிபெயர்ப்பாளர் அனிருத்தன் வாசுதேவனின் பெயரும் அதில் இருந்தது. விழா அவருக்குத் தனியாக அழைப்பு அனுப்பவில்லையென்றால் நீங்கள் கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் இருக்கிறதா என்று அச்சுக்குப் போகும் முன்பே பாருங்கள்.

மற்ற எழுத்தாளர்களோடு எப்படிப் பழகுவது?

உங்கள் அமர்வு ஒரு மணி நேரம்தான். மீதி நேரமெல்லாம் மற்றவர்களின் அமர்வுகளுக்குப் போங்கள், முக்கியமாகப் பேரறியாத மொழிக்காரர்களின் அமர்வுக்கு. எழுத்தாளர்களுக்கென்று ஓய்வறை இருக்கும், காலை உணவு மேசை இருக்கும். நீங்கள் கேட்ட அமர்வைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், பேச்சு தானாகத் தொடரும்.

அப்படிப் பேசியதில்தான் ஒன்று எனக்கு உறைத்தது. ஐஸ்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 4 லட்சம். 1955இல் அவர்களுக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. 2011இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியின் சிறப்பு விருந்தினர் நாடாக இருந்தார்கள். தங்கள் நூல்களைப் பிறமொழிக்குக் கொண்டுபோக அரசு நிதியோடு ஓர் அமைப்பே வைத்திருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 6.9 கோடி. அவ்வளவு பேர் பேசும் மொழியின் நாவல்கள் ஏன் எங்கள் கடைகளில் இல்லை என்று அங்கே கேட்கிறார்கள். நல்ல நாவல்கள் இல்லாததால் அல்ல, மொழிபெயர்ப்பாளர்களை நாம் போதிய அளவு உருவாக்கவில்லை, ஆதரிக்கவில்லை என்பதே என் பதில்.

விழாவுக்குப் போனால் புத்தகம் விற்குமா?

அன்று கொஞ்சம் விற்கும். அதற்கும் புத்தகம் அங்கே இருக்க வேண்டும். கடைக்குப் பிரதிகள் போய்ச் சேர்ந்தனவா என்று இரண்டு வாரம் முன்பே பதிப்பகத்திடம் கேளுங்கள். விற்பனையை எதிர்பார்த்து இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது என்ன?

விமான நுழைவுச்சீட்டையும் ரசீதுகளையும் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். உரைபெயர்த்தவருக்கும் நெறியாளருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். விழா இயக்குநருக்கு நன்றி எழுதும்போது, மொழிபெயர்ப்பில் கிடைக்கும் வேறு தமிழ் நூல்களில் நீங்கள் மதிக்கும் நான்கைந்தைக் குறிப்பிட்டு, அவற்றின் பதிப்பகங்களையும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலை அவர் அநேகமாக அப்போதே தொடங்கியிருப்பார்.